தூங்கினேன், திருடவில்லை

அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே உதவியாளராக ஓய்வுபெற்றவன் நான். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைகிற ஊர். பள்ளியை நடத்தியது உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கல்விக் கமிட்டி. ஐம்பதுக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் முடிந்த பிறகு, சம்பளப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் வருவோம்: எழுத்தர்கள், ஆய்வக உதவியாளர், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர், பெருக்குபவர், இரவுக் காவலர். அரசாங்க மொழியில் ஆசிரியரல்லாத பணியாளர். ஆசிரியர் அறையில் 'ஆபீஸ் ஆளுக'.

அலுவலகப் பச்சை பீரோவின் மேல்தட்டில், அட்டை பிய்ந்து நூல் வைத்துத் தைத்த ஒரு புத்தகம் இருந்தது. தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்த 1973இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டமும் அதன் விதிகளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் தொட்டதே இல்லை. மானியம், சம்பளப் பட்டியல், சேமநல நிதி, மாற்றுச் சான்றிதழ், இதற்கே பொழுது சரியாக இருந்தது. அதன் 22ஆம் பிரிவைச் சொல்லித் தந்தவர், பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து தலைமை எழுத்தராக ஓய்வுபெற்று, ஆசிரியரல்லாத பணியாளர் சங்க வேலையாகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மஞ்சள் பையில் கார்பன் தாள், வெள்ளைத் தாள், கோந்து பாட்டில், தபால் தலை இருக்கும். நடமாடும் அலுவலகம்.

அரசு ஊழியருக்கு அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு உண்டு. குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் பேச நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரித்த பிறகே வேலையை விட்டு நீக்கலாம். அரசிடமிருந்தே சம்பளம் வந்தாலும் உதவிபெறும் பள்ளிக்காரர்கள் அரசு ஊழியர்கள் அல்லர்; அந்தப் பிரிவு எங்களைச் சேராது. எங்களுக்கு இருந்தது இந்தப் பள்ளிச் சட்டம்தான். அதன்படி, கல்வித் துறையின் தகுதியுள்ள அலுவலர் முன்கூட்டியே ஒப்புதல் தராமல் தனியார் பள்ளி நிர்வாகம் ஒருவரை வேலைநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ முடியாது. கடுமையான முறைகேட்டுக்கு விசாரணை நடத்தப்போகிறோம் என்றால் மட்டுமே பணியிடை நீக்கம் செய்யலாம். அதுவும் இரண்டு மாதத்துக்குத்தான். அதற்குள் விசாரணை முடியவில்லையானால் அவர் வேலைக்குத் திரும்பிவிட்டதாகவே சட்டம் கொள்ளும். விசாரணை அதன்பாட்டுக்கு நடக்கலாம். தாமதத்துக்கு அந்தப் பணியாளரே நேரடிக் காரணம் என்றால் மட்டும், அலுவலர் அதை எழுத்தில் பதிவுசெய்து மேலும் இரண்டு மாதம் வரை நீட்டலாம். இதெல்லாம் கணக்கு வாத்தியாருக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு பெருக்குபவருக்கும் பொருந்தும். எங்கள் பள்ளியில் அதை நம்பியவர்கள் குறைவு.

1996, ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு விடிகாலையில் கிணற்றடி மோட்டார் அறையின் பூட்டு உடைந்து கிடந்தது. மோட்டாரின் செம்புச் சுருளும் கேபிளும் போயிருந்தன. இரவுக் காவலர் முன்வாசல் திண்ணையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததை முதலில் வந்தவர்கள் பார்த்து எழுப்பியிருக்கிறார்கள். எட்டு மணிக்குத் தாளாளர் வந்தார். “இவன இனி கேட்டுக்குள்ள விடாதீங்க” என்றார். மறுநாள்தான் பணியிடை நீக்க ஆணை என் மேசைக்கு வந்தது. தமிழ்த் தட்டச்சில் மூன்று நகல் அடித்தேன். போலீசில் புகார் கொடுத்தார்கள். இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி.

ஆசிரியர் அறையில் பேச்சு ஒரே மாதிரி இருந்தது. “வாட்ச்மேனுக்கு வேலையே முழிச்சிருக்கதுதான். அதையும் செய்யலன்னா விசாரிக்க என்ன இருக்கு?” அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்த என் மைத்துனரும் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி இதையே சொன்னார். “ஒரு வாட்ச்மேனுக்கு இவ்வளவு ஃபைலா மாப்பிள?” கேட்டால் நியாயமாகத்தான் படும்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை மூன்று வாரம் கழித்து வந்தது. ஊரில் அதற்கு மெமோ என்று பெயர். அதற்கு நான்கு இணைப்புகள் உண்டு: முதலாவதில் குற்றச்சாட்டுகள், இரண்டாவதில் அவற்றின் விவரம், மூன்றாவதில் ஆவணங்கள், நான்காவதில் சாட்சிகள். முதல் இணைப்பில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. பணி நேரத்தில் தூங்கியது ஒன்று. களவுக்கு உடந்தையாக இருந்தது இன்னொன்று. இரண்டாவது குற்றச்சாட்டுக்கு ஆவணம் எது, சாட்சி யார் என்று பார்த்தால் இணைப்புகளில் எதுவும் இல்லை.

காவலர் அதை வாங்க மறுத்து வெளியே நின்றார். கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்தவர். தன் பெயரை நிறுத்தி நிறுத்தி எழுதுவார். பெரியவர்தான் அவரை உள்ளே கூட்டிவந்தார். “வாங்கும் வே. வாங்காட்டா கதவுல ஒட்டிட்டுப் போயிருவான். 'பெற்றுக்கொண்டேன்'னு எழுதி, கையெழுத்துக்குக் கீழ தேதியப் போடும். தேதி இல்லாத கையெழுத்து ஒருத்தனுக்கும் உதவாது” என்றார். பதில் எழுதக் கொடுத்த பதினைந்து நாள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெரியவர் அவரிடம் விசாரித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“தூங்குனீரா?”

“தூங்குனேன் அண்ணாச்சி. பொய் சொல்லப்பிடாதுல்லா. ரெண்டு மணிக்கு ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து உக்காந்தேன். அதுக்கப்புறம் ஞாபகம் இல்ல.”

“களவு?”

“எம் பிள்ளைய மேல சத்தியமா...”

“சத்தியத்த விடும். ரெண்டு குத்தம் சொல்லியிருக்கான். ரெண்டுக்கும் தனித்தனியா பதில் சொல்லணும். தூங்குனேன், திருடல. நடுவுல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்ட அவன் அழிச்சிட்டான். நாம திரும்பப் போடணும். சரி, ஏன் தூங்குனீரு?”

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை. காவலர் யோசித்து யோசித்துச் சொன்னார். அந்த வாரம் அலுவலக உதவியாளர் மகளின் சடங்குக்காக லீவில் போயிருந்தார். அவர் வேலையையும் சேர்த்துப் பார்க்கும்படி தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். காலை ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்தது, ஒன்பதேகாலுக்கு முதல் மணி அடித்தது, பிறகு மாவட்டக் கல்வி அலுவலர் (டிஇஓ) ஆபீசுக்குத் தபால் கொண்டுபோனது, பேங்க்குக்குப் போனது. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி இரவு வேலை.

“டிஇஓ ஆபீசுக்குப் போனதுக்கு ஆதாரம்?”

“தபால் நோட்டு இருக்கும்லா. சார்தான் வச்சிருக்காரு” என்று என்னைக் காட்டினார்.

பெரியவர் என்னிடம் நோட்டைக் கேட்கவில்லை. கேட்டால் என் வேலைக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். பதிலோடு ஒரு தனி மனு எழுதினார்: இன்ன தேதியின் தபால் பட்டுவாடா நோட்டையும், காவலரின் வேலை நேரத்தை நிர்ணயித்த ஆணையையும் விசாரணையில் கொண்டுவந்து காட்டவேண்டும். தூங்கியதை மூன்றே வரியில் ஒப்புக்கொண்ட பதில், ஏன் தூங்கினார் என்பதை ஒரு முழுப் பக்கத்துக்குச் சொன்னது. களவுக் குற்றச்சாட்டை மறுத்து, ஆதாரம் என்ன என்று கேட்டது. ஐம்பது பட்டதாரிகள் வேலை செய்கிற கட்டடத்தில் காவலருக்கு ஒரு பக்கம் எழுதித்தர வெளியூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வரவேண்டியிருந்தது. ஆசிரியர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கும் தாளாளரிடம் பயம் இருந்தது, தலைமையாசிரியருக்கும் இருந்தது.

பணியிடை நீக்கக் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு. தொடக்கத்தில் பாதிச் சம்பளம். 'வேறெங்கும் வேலை பார்க்கவில்லை' என்று மாதந்தோறும் ஒரு சான்று எழுதிக் கொடுக்கவேண்டும். காவலர் கொடுத்தார். பணம் வரவில்லை. பட்டியல் தாளாளர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. விசாரணையோ பள்ளியில் நடக்கவில்லை. டவுனில், தாளாளரின் ரைஸ் மில் மாடியறையில். ஒவ்வொரு முறையும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். ஒருநாள் விசாரணைக்கு வராவிட்டால் 'ஆஜராகவில்லை' என்று எழுதி ஒருதலைப்பட்சமாக முடித்துவிடலாம். பெரியவர் பையிலிருந்துதான் பஸ் காசு போனது. பிறகு 1999இல் கோலார் தங்கவயலின் பாதுகாப்பு அதிகாரி பால் ஆண்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே சங்கதியை எடுத்துப் பேசியது. பிழைப்பூதியம் தராததால் விசாரணைக்குப் போகக் கையில் காசில்லாமல் நின்றவரை, அவர் இல்லாமலே விசாரித்து நீக்கியது செல்லாது என்றது. தீர்ப்பைப் பத்திரிகையில் படித்துவிட்டுப் பெரியவர் எனக்கு ஒரு கார்டு போட்டார். “நம்ம மில் மாடிக் கதைதான், தம்பி. அவருக்குப் பதிமூணு வருசம் ஆகியிருக்கு.”

விசாரணை அலுவலர் கமிட்டி நியமித்த ஒரு வக்கீல். அவருக்குப் பீஸ் கொடுத்ததும் கமிட்டிதான். ஆனாலும் கறாரான மனிதர். பெரியவரைக் காவலருக்கு உதவியாக உட்கார அனுமதித்தார். தலைமையாசிரியர் சாட்சி சொன்னார். பெரியவர் குறுக்குக் கேள்வி கேட்டார்.

“இரவு அவர் தூங்கியதை நீங்கள் பார்த்தீர்களா?”

“காலையில் கேள்விப்பட்டேன்.”

“காவலரின் வேலை நேரம் என்ன?”

“மாலை ஆறு முதல் காலை ஆறு.”

“அந்த வாரம் பகலில் அவருக்கு வேலை ஏதும் கொடுத்தீர்களா?”

தலைமையாசிரியர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நோட்டைக் காட்டும்படி விசாரணை அலுவலர் என்னிடம் சொன்னார். நீள வாட்டில் கோடு போட்ட, ஊதா அட்டைத் தபால் நோட்டு. களவு நடப்பதற்கு முந்தைய பகலின் வரியில், சம்பளப் பட்டியல் ஒப்படைத்ததற்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் நீல மசி முத்திரை, பக்கத்தில் சுருக்கொப்பம், 'கொண்டுசென்றவர்' கட்டத்தில் காவலரின் நிறுத்தி நிறுத்தி எழுதிய பெயர். விசாரணை அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “அப்படியானால் இவர் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து முழித்திருக்கிறார்” என்று தட்டச்சரிடம் சொல்லவில்லை; தலைமையாசிரியரிடம் கேட்டார். அவர் ஆம் என்றார். மனசாட்சியுள்ள மனிதர், கேட்டால் பொய் சொல்லமாட்டார். அதற்கு முன் அவரையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் காவலரிடம், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, “டார்ச் லைட்டுக்கு பேட்டரி செல் குடுக்க மாட்டக்காங்க. எங்காசுலதான் வாங்குதேன். அத எழுதுங்க சார்” என்றார். வக்கீல் சிரிக்கவில்லை. எழுதினார். ஒவ்வொரு பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிய பிறகே பெரியவர் அவரைக் கையெழுத்துப் போடவிட்டார்.

இதற்குள் இரண்டு மாதம் கடந்துவிட்டது. கெடு முடிந்த மறுநாள் சாயங்காலம், துவைத்துப் பெட்டி போட்ட காக்கிச் சட்டையோடு காவலர் கேட்டில் வந்து நின்றார். மேலிடத்து ஆணை இல்லாமல் வருகைப் பதிவேட்டைத் தரமுடியாது என்றார் தலைமையாசிரியர். ஆணையே தேவையில்லை, சட்டமே அவரை வேலைக்குத் திருப்பிவிட்டது என்று பெரியவர் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கும் போட்டார். சில நாளில் அங்கிருந்து போன் வந்தது. பதிவேடு திறந்தது.

விசாரணை அறிக்கையில் முதல் குற்றச்சாட்டு நிரூபணம், ஆனால் தொடர்ந்து வேலை வாங்கியதைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்றிருந்தது. இரண்டாவது நிரூபிக்கப்படவில்லை. கமிட்டி அப்படியும் பணிநீக்கத்துக்கு ஒப்புதல் கேட்டுக் கோப்பை அனுப்பியது. கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பிவந்தது: அறிக்கையின் நகலைக் காவலருக்குக் கொடுத்து அவர் கருத்தைக் கேட்டீர்களா? கேட்கவில்லை. விசாரணை அறிக்கையின் நகலைத் தராமல் தண்டிக்கக் கூடாது, அரசு நிறுவனமானாலும் தனியார் நிறுவனமானாலும் இதுவே முறை என்று கருணாகர் வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு தீர்ப்பளித்திருந்தது. நகலைக் கொடுத்து, பதிலை வாங்கி, எல்லாம் முடிந்தபோது தண்டனை ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று ஆனது. காவலர் அதை ஏற்றுக்கொண்டார். “தூங்குனதுக்கு அது சரிதான்” என்றார். செம்புக் கம்பியை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டதை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மாற்றவேண்டி வரவில்லை. விசாரணை முறை என்பது அப்பாவிகளைக் காப்பாற்ற மட்டும் என்றால் அதற்கு அவ்வளவு வேலை இருக்காது. முழு அப்பாவியும் முழுக் குற்றவாளியும் அபூர்வம். காவலரைப் போல ஏதோ ஒன்று செய்து, அதற்கு மேலே செய்யாத ஒன்றையும் சுமப்பவர்களே அதிகம். செய்தது இவ்வளவு, செய்யாதது இவ்வளவு என்று பிரித்து அளக்க ஓர் இடம் வேண்டும். மெமோ, பதில், சாட்சி, குறுக்குக் கேள்வி, அறிக்கை என்று நீண்டு, பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டுகிற அந்தப் படிகள் ஒவ்வொன்றும் அந்தப் பிரிப்பைத்தான் செய்கின்றன. காவலரை நீக்கியிருந்தால் பகலெல்லாம் வேலை வாங்கிய பழக்கமும் வெளியே வந்திருக்காது. அதற்குப் பிறகு இரவுக் காவலரைப் பகலில் தபாலுக்கு அனுப்புவது எங்கள் பள்ளியில் நின்றது. பேட்டரி செல்லும் பள்ளிக் கணக்கில் வந்தது. வாங்கி வைப்பது என் பொறுப்பாயிற்று.

2003 ஜூலை. ஓய்வூதியச் சலுகைகளைப் பறித்ததற்கு எதிராக ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ அழைத்த வேலைநிறுத்தத்தில் என் மைத்துனரும் சேர்ந்தார். முந்தைய ஆண்டு கொண்டுவந்திருந்த டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தி, விசாரணை ஏதுமின்றி வேலைநீக்கம் செய்ய அரசு வழிசெய்துகொண்டது. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை, பெயர்ப் பட்டியல் மட்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தவர், வேலைநிறுத்தத்துக்கு முன்பே மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தவர், பஸ் கிடைக்காமல் பாதி வழியில் நின்றவர் என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலைநிறுத்தத்தின் முதல் நாளில் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தவர். அடுத்த நாளில்தான் போகவில்லை. “முதல் நாளும் வரலன்னு போட்டிருக்கான் மாப்பிள. ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தாத் தெரியும். யார்கிட்டச் சொல்றது?” என்றார். வாட்ச்மேன் கதையை நான் எடுக்கவில்லை. அவருக்கே ஞாபகம் வந்திருக்கவேண்டும். பச்சை பீரோப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அது அரசுப் பள்ளிக்குப் பொருந்தாது என்றேன். அவருக்குப் பொருந்துகிற 311ஐயும் அதன் கீழ் வந்த விதிகளையும் அவசரச் சட்டம் தாண்டிப் போய்விட்டிருந்தது.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றார்கள். அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது ஒரே ஓர் உறுப்பினர். இத்தனை பேர் வழக்கை அவர் ஒருவர் எப்படிக் கேட்பார் என்பதை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. ஆகஸ்ட் 6ஆம் தேதி வந்த ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களைப் பெரும்பாலும் திரும்ப எடுத்தார்கள். மிச்சமிருந்த சில ஆயிரம் பேரின் வழக்கை ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் பார்த்தார்கள். மைத்துனர் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் கையெழுத்து விஷயத்தை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை. ஓய்வுபெறும்வரை அவருக்கு அந்த ஒரு நாள்தான் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. சம்பளம் திரும்ப வந்தது; தான் அன்று வேலைக்கு வந்தேன் என்பதை ஒருவரும் பதிவுசெய்யவில்லை.

இதற்குப் பிறகு சில ஆண்டுகளில் எங்கள் பள்ளியில் பெருக்குபவர் ஓய்வுபெற்றார். அந்த இடத்தை நிரப்ப அனுமதி வரவில்லை. கழிப்பறையும் வகுப்பறையும் அனுமதிக்குக் காத்திருக்குமா? பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்திலிருந்து ஓர் அக்காவை வைத்தார்கள். நியமன ஆணை இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. மாதக் கடைசியில் வவுச்சரில் கைநாட்டு. வவுச்சரில் விவரம்: 'துப்புரவுக் கூலி.' சில மாதம் 'சில்லறைச் செலவு.'

பல வருடம் வேலை பார்த்தவரை ஒருநாள் கழகத்தில் பொறுப்பிலிருந்த ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, “நாளையிலருந்து நீ வராண்டாம்” என்றார். ஒரு ஆசிரியையின் பர்ஸ் காணாமல் போயிருந்தது. காவலருக்கு நடந்தது போலவே சந்தேகம் ஒருவர் மேல் விழுந்தது. ஆனால் காவலருக்கு ஒரு மெமோ இருந்தது. இந்த அக்காவிடம் மறுத்துப் பதில் எழுத ஒரு தாள்கூட இல்லை. பேசிய வார்த்தைக்கு எதிராக எங்கே மேல்முறையீடு செய்வது?

பெரியவருக்கு அப்போது வயதாகிவிட்டது, கண்புரை. வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். கட்டிலில் சாய்ந்தபடியே வழி சொன்னார். முதலில் அந்த வார்த்தையை நாமே தாளில் ஏற்றவேண்டும். 'இன்ன தேதியில் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். நான் வேலைக்குத் தயாராக இருக்கிறேன். காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்' என்று ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அவர்கள் மறுத்தாலும் ஆதாரம். பதிலே தராவிட்டாலும் ஆதாரம்.

அடுத்து அவர் சொன்னது எனக்குப் புதிது. பள்ளி ஆசிரியர் தொழிற்தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளி இல்லை என்று 1988இல் சுந்தரம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளியும் ஒரு தொழில் நிறுவனம்தான். ஆனால் கற்பிப்பது அந்தச் சட்டம் சொல்லும் வகை வேலை அல்ல என்பது காரணம். உடலுழைப்பும் எழுத்தர் வேலையும் அந்த வகைக்குள் வரும். ஆகவே ஆசிரியருக்கு மூடிய அந்தக் கதவு பெருக்குபவருக்குத் திறந்திருந்தது. அப்போது நடப்பிலிருந்த 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு என்று நிறுத்தவேண்டுமானால் ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ தந்து, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். “நமக்கு மேல படிச்சவுகளுக்கு இல்லாதது நமக்கு இருக்கு. ஆனா 240 நாள நிரூபிக்கணும்” என்று பெரியவர் சிரித்தார்.

நிரூபிக்க இருந்தவை வவுச்சர்கள்தான். தொழிலாளர் அலுவலர் கேட்டனுப்பியதும், நான் வைத்திருந்த கோப்பிலிருந்து மாதவாரியாக எடுத்து அடுக்கினேன். பெயர் இல்லாத வவுச்சர்களிலும் ஒரே பெருவிரல் ரேகை. அக்காவின் வலதுகைப் பெருவிரலில் பழைய அரிவாள் வெட்டு ஒன்று உண்டு. ஊதா மசியில் அந்தக் கோடு மாதா மாதம் பதிந்திருந்தது. சமரசப் பேச்சில் கழகத்தார் அதைப் பார்த்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஒரு தொகை கொடுத்து முடித்தார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பர்ஸ் பற்றி யாரும் விசாரிக்கவும் இல்லை. பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு அக்கா கேட்டார்: “அப்ப நான் எடுக்கலன்னு எங்க எழுதியிருக்கு?” எங்கும் எழுதவில்லை. இழப்பீடு வேலையைப் பற்றிப் பேசும்; பழியைப் பற்றிப் பேசாது.

சட்டம் இதன் பிறகு சில இடங்களில் நல்லதாகவே வளர்ந்திருக்கிறது. 2016இல் தில்லியில் ஒரு தனியார் பள்ளியின் டிரைவர், ராஜ்குமார் என்பவர், வழக்கில் ஜெயித்தார். கல்வித் துறையின் முன் ஒப்புதல் இல்லாமல் அவரை அனுப்பியது செல்லாது, அரசு உதவி பெறாத பள்ளிக்கும் இந்த விதி உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2003இல் வேலையிழந்த அந்த டிரைவருக்குத் தீர்ப்பு வரும்போது பள்ளிப் பிள்ளைகள் ஒரு தலைமுறை தாண்டியிருப்பார்கள். நம் மாநிலத்திலும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2018இல் ஒரு புதிய சட்டத்தை இயற்றினார்கள். புத்தகங்கள் மாறலாம். புத்தகத்துக்குள் வருகிற ஆட்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள். காவலர் ஓய்வுபெற்ற இடத்தில் இப்போது ஓர் ஏஜென்சி ஆள். ஆய்வக உதவியாளர் இடம் காலி. பெருக்கும் வேலை தொகுப்பூதியம்.

இப்போதும் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து என்னைத் தேடி யாராவது வருகிறார்கள். பெரியவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். செய்ததை மறைக்கவேண்டாம், செய்யாததை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ஆவணம் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாய்மொழியாக நிறுத்தினால் அன்றே பதிவுத் தபால் போடுங்கள். வந்தவர்கள் கேட்டுக்கொண்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொல்வார்கள்: “எனக்கு ஆர்டரே குடுக்கல சார்.” அங்கேதான் என் புத்தகம் முடிகிறது. யார், எந்த வேலைக்கு, எந்தத் தேதியிலிருந்து, என்ன சம்பளத்துக்கு என்று தாளாளரோ கழகமோ ஏஜென்சியோ கையெழுத்திட்ட ஒரு பக்கம் போதும். மெமோவும் விசாரணையும் மேல்முறையீடும் அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். பள்ளியைத் தணிக்கை செய்ய வருகிறவர்கள் மானியக் கணக்கைப் பார்ப்பதற்கு முன், கேட்டில் நிற்பவரிடமும் துடைப்பத்தோடு நிற்பவரிடமும் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று கேட்கட்டும்.